இரண்டு பெட்டியா, ஆறு பெட்டியா?

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாக இரண்டு காரியங்களுக்காகப் போவார்கள். தானாகத் தோன்றிய எட்டு க்ஷேத்திரங்களில் ஒன்றில், இடுப்பில் கை வைத்து நிற்கும் பூவராகப் பெருமாளைச் சேவிப்பது ஒன்று. கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாங்கி வாயில் போட்டுக் கொள்வது மற்றொன்று. நான் இந்த இரண்டையும் முடித்துக் கொண்டு, நாயக்கர் காலத்துப் பதினாறு கால் மண்டபத்தில் கல் குதிரைகளின் மேல் பாயும் வீரர்களையும் ஒரு முறை கண் குளிரப் பார்த்துவிட்டு, அத்தை வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் மூன்றாவது காரியம் ஒன்று எனக்காகக் காத்துக் கொண்டிருந்தது. ஒரு வழக்கு!

வழக்கு ஒலிபெருக்கியைப் பற்றியது. அத்தையின் பேரன் எஞ்சினீயரிங் படிக்கிறான். அவனுக்காக வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம் ஆகிறது. படம் வருகிறது, பாடம் வருகிறது, ஆனால் சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது. நெய்வேலியில் வேலை பார்க்கும் அத்தான், "பத்தாயிரம் ரூபாய் தருகிறேன். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. பாட்டும் கேட்க வேண்டும், பையனும் விளையாட வேண்டும். எல்லாருமாகப் பேசி நல்லதாக ஒன்று வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, நல்ல எஜமானர்கள் எல்லாரும் செய்வது போல் வேலைக்குப் போய்விட்டார்.

"சித்தி, நீங்களே சொல்லுங்கள். ஆறு பெட்டி வேண்டும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, கீழே ஒரு பெரியது. விளையாட்டில் குண்டு வெடித்தால் நெஞ்சு அதிர வேண்டாமா?" என்றான் பையன்.

"ஆறு பெட்டியையும் தினம் துடைக்கப் போகிறது யார், அக்கா? இந்தக் கூடத்தில் கால் வைக்கவே இடமில்லை. இரண்டு பெட்டி போதும்" என்றாள் அத்தையின் மருமகள்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அத்தை?" என்று ஊஞ்சல் பக்கம் திரும்பினேன்.

"எனக்கு எதுவும் வேண்டாம்மா. இப்போதெல்லாம் நான் பாட்டே கேட்பதில்லை" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை முப்பது வருஷம் பாட்டு டீச்சராக இருந்தவள். திருச்சி வானொலியில் கச்சேரி வைத்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். "ஏன் அத்தை?" என்றேன். "இந்தக் காலத்தில் யார் சரியாகப் பாடுகிறார்கள்? ஒருத்திக்காவது சாகித்தியம் தெளிவாக வாயில் வருகிறதா?" என்று சொல்லிவிட்டு ஊஞ்சலை ஓர் உந்து உந்தினாள்.

பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதற்காக என்னை நீதிபதியாக்கிவிட்டார்கள். வழக்கை விசாரித்ததில் நான் கற்றுக் கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லி விடுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே வழக்கு நடந்து கொண்டிருக்கலாம்.

பொம்மையும் காந்தமும்

"முதலில் இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள் மருமகள். நியாயமான கேள்வி. காசு கொடுத்து வாங்கும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பெண்கள்தான். புடவை வாங்கினாலும் உள்பக்கத்தைத் திருப்பித்தானே பார்க்கிறோம்?

உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. காகிதக் கூம்பு ஒன்று. அதன் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. சுருளைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டு, மின்சாரமாக மாறிக் கம்பிச் சுருளுக்குள் ஓடுகிறது. காந்தம் சுருளை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பு ஆடுகிறது, காற்று ஆடுகிறது, நம் காது ஆடுகிறது. அவ்வளவுதான். 1925-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் இந்த அமைப்புக்கு ஒழுங்கான உருவம் கொடுத்தார்கள். நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

அந்தக் காந்தத்தில்தான் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டரில் விருத்தாசலம். அங்கே செய்யும் பீங்கான் பொம்மைகளையும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பீங்கான் தொழிலைக் கற்பிப்பதற்கென்றே அங்கே ஓர் அரசு நிலையமும் உண்டு. நம் வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் கறுப்புக் காந்தமும் அந்தப் பீங்கானுக்குப் பங்காளிதான்! இரும்புத் துருவோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்த பொடியைச் சேர்த்து, அச்சில் அழுத்தி, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் 'ஃபெரைட்' காந்தம் கிடைக்கும். 1950-களின் தொடக்கத்தில் ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தார் இதைக் கொண்டு வந்தார்கள். விலை உயர்ந்த நிக்கல், கோபால்ட் காந்தங்களுக்குப் பதிலாக இது வந்ததால் ஸ்பீக்கர் மலிந்தது. பொம்மைக்கும் காந்தத்துக்கும் மண் வேறு. ஆனால் அழுத்திச் சுடும் வித்தை ஒன்றுதான்.

வாட் என்னும் மாயை

பையன் கடை விளம்பரம் ஒன்றைக் காட்டினான். ஆயிரக்கணக்கான வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று நாலு எழுத்து.

இந்த நாலு எழுத்தை எங்கே பார்த்தாலும், நேயர்களே, பர்ஸை மூடிக் கொள்ளுங்கள். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு பெட்டி எவ்வளவு கத்த முடியும் என்று கம்பெனிக்காரர்களே போட்டுக் கொள்ளும் கணக்கு அது. அதற்குக் கட்டுப்பாடான அளவுகோல் கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி. அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகி விடாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும்! ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் வரை ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆகவே மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறவனுக்குப் பெட்டிக்கு இருபது வாட் என்பதே தாராளம்.

"அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும், தம்பி" என்றேன். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சூழ்நிலைச் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குழந்தையைத் தூங்கப் பண்ணின தாயாருடைய கோபத்துக்கு விதி ஒன்றும் கிடையாது!

மிருதங்கத்துக்கு எத்தனை பெட்டி?

ஸ்பீக்கர்களை எண்ணால் குறிக்கிறார்கள். 2.0 என்றால் இரண்டு பெட்டி. 2.1 என்றால் இரண்டு சின்னப் பெட்டியும், தாழ்ந்த ஒலிக்கென்று 'சப் ஊஃபர்' என்னும் ஒரு பெரிய பெட்டியும். 5.1 என்றால் பையன் கேட்ட ஆறு பெட்டி.

நம் சங்கீதத்துக்கு எது வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் மத்திய ஸட்ஜம் விநாடிக்கு 196 அதிர்வு. அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 147. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. நான்கு அங்குலக் கூம்பு உள்ள நல்ல பெட்டி எழுபது, எண்பது அதிர்வு வரை சுமாராக இறங்கி விடும். அதாவது வாய்ப்பாட்டு, வீணை, வயலின் எல்லாவற்றுக்கும் இரண்டு பெட்டியே போதும். கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை இரண்டு பெட்டிக்காகவே பதிவானவை. பின்னால் இன்னும் இரண்டு வைப்பதால் பாட்டு உயர்ந்து விடாது.

"மிருதங்கத்தின் தொப்பி?" என்று ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது. பாட்டே கேட்பதில்லை என்ற அத்தைதான்!

நல்ல கேள்வி. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாக ஒரு சாதம் அப்பியிருக்கிறதல்லவா? அதனால்தான் மற்றக் கொட்டுகளைப் போல வெறும் ஓசையாக இல்லாமல் அதன் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைகின்றன என்று ஸர் சி. வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். 1934-ல் விஸ்தாரமாகவும் ஆராய்ந்து சொன்னார். மேற்சுரங்கள் ஒழுங்காகக் கேட்டால், அடிச் சுரம் பலவீனமாக இருந்தாலும் மூளை அதைத் தானே ஊகித்துக் கொள்ளும் என்பது காதின் விசித்திரங்களில் ஒன்று. அதனால் சின்னப் பெட்டியிலும் தாழ்ந்த நாதத்தை ஓரளவு உணர முடிகிறது. தவிலும் சினிமாப் பாட்டும் நெஞ்சில் இறங்க வேண்டுமென்றால் சப் ஊஃபர் உதவும். ஆனால் மலிந்த விலையில் வாங்கும் 2.1-ல் காசெல்லாம் பெரிய பெட்டிக்குப் போய்விடும். சின்னப் பெட்டி இரண்டும் சவலையாக இருக்கும். 'தொம் தொம்' என்று கேட்கும். பாடுகிறவர் குரல் எங்கேயோ ஒளிந்து கொள்ளும்.

எதிர்க் கரை வண்ணார்

விளையாட்டின் தேவை வேறு. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' போன்ற ஆட்டங்களில் எதிரியின் காலடி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. திசையை நெஞ்சதிர்ச்சி சொல்லாது. இரண்டு காதுக்கும் உள்ள சிறு வித்தியாசம் சொல்லும். இந்தச் சூட்சுமத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் ஆலன் ப்ளூம்லைன் 1931-ல் 'ஸ்டீரியோ'வுக்கு உரிமை கேட்டு மனுப் போட்டார். மனைவியோடு சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்கக் குரல் வேறு பக்கம் வந்ததைக் கண்டு அவருக்கு இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வதுண்டு. இரண்டு பெட்டியைச் சரியாக வைத்தாலே முன்பக்கத்துத் திசைகள் தெளிவாகத் தெரியும். பின்னாலிருந்து வரும் காலடிக்கு நல்ல ஹெட்போன் ஒன்றே போதும். ராத்திரி நேரத்தில் வீட்டாருக்கும் நிம்மதி.

"அப்படியானால் கம்பியே இல்லாத ப்ளூடூத் பெட்டி?" என்றாள் மருமகள். கம்பி இல்லாவிட்டால் பெருக்குவது சுலபம் என்பது அவள் கட்சி.

ஏரிக் கரையில் நின்று எதிர்க் கரையில் வண்ணார் துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழுந்து, கை மறுபடி மேலே போன பிறகுதான் 'பட்' என்று சத்தம் வரும். ப்ளூடூத்திலும் அப்படித்தான். சாதாரணமாக விநாடியில் பத்தில் ஒன்று முதல் கால் பங்கு வரை தாமதம் உண்டு. ஐந்தில் ஒரு விநாடி தாமதம் என்றால், சுமார் எழுபது மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமானம். பாட்டுக்கு இதனால் குற்றமில்லை. விளையாட்டிலோ, சுட்ட சத்தம் காதில் விழுவதற்குள் பையன் விழுந்து விடுவான்! ஆகவே கம்பியே உத்தமம் என்று தீர்ப்பளித்தேன்.

விருத்தாசலத்தில் நடந்தது

மறுநாள் காலை பஸ் ஏறி விருத்தாசலம் போனோம். "கேட்டுப் பார்க்காமல் ஸ்பீக்கர் வாங்குவது, பாடச் சொல்லாமல் பாட்டு டீச்சரை வைப்பது மாதிரி. நீங்களும் வர வேண்டும், அத்தை" என்று பிடிவாதம் பிடித்து அத்தையையும் அழைத்துப் போனேன். பையன் தன் போனில் மூன்று பதிவுகளை வைத்திருந்தான்: பக்க வாத்தியம் அதிகமில்லாத ஒரு பெண் குரல், கஞ்சிரா சேர்ந்த ஒரு தனி ஆவர்த்தனம், அவனுடைய விளையாட்டுச் சத்தம்.

கடைக்காரர் முதலில் 2.1-ஐப் போட்டார். பையனுக்கு முகமெல்லாம் பல். அத்தை மட்டும், "என்ன தம்பி இது, வாயில் துணியை வைத்துக் கொண்டா பாடுகிறாள்?" என்றாள். கடையில் எல்லாரும் சிரித்தோம். பிறகு நான்கு அங்குலக் கூம்பும், மேலே சின்னதாக உச்ச ஒலிக்கென்று ஒரு தனிக் கூம்பும் உள்ள ஜோடிப் பெட்டியைப் போட்டார். குரல் எதிரே வந்து உட்கார்ந்து கொண்டது. பையனே வாயடைத்துப் போனான். அடுத்தது தனி ஆவர்த்தனம்.

"பாட்டி, அந்தக் கஞ்சிராச் சலங்கையைக் கேட்டாயா? பக்கத்தில் குலுக்குகிற மாதிரி இல்லை?" என்றான்.

அத்தை பதில் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, காதைப் பெட்டியின் அருகில் கொண்டு போனாள். பிறகு மெதுவாக, "எந்தச் சலங்கை?" என்றாள்.

பையன் பாட்டை முதலிலிருந்து போட்டான். சலங்கை 'கிலுங் கிலுங்' என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. அத்தையின் கை துடையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தது, ஒரு மாத்திரை பிசகவில்லை. ஆனால் முகத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை போடப் போனவனின் கையை நான் பிடித்து நிறுத்தினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையே சொன்னாள்: "இரண்டு வருஷமாய் இப்படித்தாம்மா. சத்தம் கேட்கிறது, வார்த்தை பிடிபடுவதில்லை. பாடுகிறவர்கள் எல்லாம் கெட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. பாட்டு டீச்சருக்குக் காது போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?"

வயது ஏற ஏறக் காதில் முதலில் மங்குவது உச்ச ஒலிதான். அ, ஆ என்னும் உயிரெழுத்துக்களின் பலம் கீழே இருக்கிறது. ச, ஸ, ஷ, த போன்ற மெய்களின் தெளிவு மேலே இருக்கிறது. ஆகவே 'கேட்கிறது, ஆனால் புரியவில்லை' என்ற நிலை முதலில் வரும். வீட்டில் ஒரு பெரியவர் டி.வி.யை உரக்க வைத்தாலோ, கூட்டத்தில் பேசாமல் ஒதுங்கினாலோ, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்' என்று அடிக்கடி குறைப்பட்டாலோ, கோபித்துக் கொள்ளாமல் காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'ஆடியோகிராம்' என்ற சோதனையில் வலி கிடையாது. எந்த ஸ்தாயியில் எவ்வளவு குறை என்று கோடு போட்டுக் காட்டி விடும். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

இதில் பையனுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் வாரத்துக்கு நாற்பது மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அதே நாற்பது மணி நேரம் என்பதே எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். வயதால் போகும் காதைத் தடுக்க வழியில்லை. ஹெட்போனால் போகும் காதைத் தடுக்கலாம்.

தீர்ப்பு

வழக்கு தானாகத் தீர்ந்தது. "இரண்டு பெட்டியே போதும், சித்தி. மிச்சப் பணத்தில் பாட்டியைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய்க் காட்டலாம்" என்றான் பையன். நெஞ்சு அதிர வேண்டும் என்றவன் அவன்தான்!

எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஜோடிப் பெட்டி வந்தது. அதை வைத்த விதத்தையும் சொல்லி விடுகிறேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் கேட்பவர் உட்கார வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். உச்ச ஒலிக் கூம்பு காது மட்டத்தில் இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளியிருக்கட்டும். மூலையில் வைத்தால் கீழ் ஒலி பானைக்குள் பேசுகிற மாதிரி உருளும். சிமெண்டுத் தரையும் வெறுஞ் சுவரும் எதிரொலிக்கும். ஒரு பவானி ஜமக்காளமும் கனமான திரையும் போட்டால் ஆயிரம் ரூபாய் பெட்டி கூட இரண்டாயிரம் ரூபாய் பெட்டியாகி விடும். 'உம்' என்ற இரைச்சல் வந்தால் கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் 'எர்த்' சரியாக உள்ள ஒரே பலகையில் சொருகிப் பாருங்கள். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் கரகரத்தால் பின்பக்கத் துளையில் சொருகுங்கள். ஹெட்போன் மாட்டவும், உச்ச ஒலியையும் கீழ் ஒலியையும் தனித்தனியே திருப்பவும் வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ஸ்ரீமுஷ்ணம் போனேன். அத்தையின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருவி. டாக்டர் சோதித்துக் கொடுத்தது. "முதல் வாரம் பாத்திரம் உருட்டுகிற சத்தமெல்லாம் இடி மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது" என்றாள். சாயங்காலம் விளக்கேற்றின பிறகு பையன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து பாட்டிக்கு இடம் விட்டான். அதே பெண் குரல், அதே கீர்த்தனை. அத்தை கண்ணை மூடிக் கொண்டு கேட்டாள். பல்லவி போயிற்று, அனுபல்லவி போயிற்று, சரணமும் முடிந்தது. மருமகள் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். யாரும் பேசவில்லை.

அத்தை கண்ணைத் திறந்தாள்.

"நான் அன்றைக்கே சொன்னேனே! இப்போது ஒவ்வோர் எழுத்தும் நன்றாய்க் கேட்கிறது. இவள் உச்சரிப்புத் தப்புத்தான்!" என்றாள்.